பாலாற்றில் மணல் மறுபடி சேருமா? சேரும் என்றால் எத்தனை வருஷம்?

குடியாத்தம்காரன் (இழையைத் தொடங்கியவர்)

மாதனூர், பள்ளிகொண்டா, விரிஞ்சிபுரம், எந்தப் பக்கம் பாலாற்றை எட்டிப் பார்த்தாலும் மணலைவிடக் களிமண் திட்டும் சீமைக்கருவேலமும்தான் கண்ணில் படுகிறது. 2021 நவம்பரில் வெள்ளம் வடிந்ததும் "ஆத்துக்கு மணல் வந்துடுச்சு" என்று பேசிக்கொண்டார்கள். வந்த மணல் எங்கேயிருந்து வந்தது? இதே மாதிரி இன்னும் எத்தனை வெள்ளம் வந்தால் படுகை பழையபடி நிரம்பும்? யார் அள்ளினார்கள் என்ற சண்டைக்கு வேறு இழை ஓடுகிறது, அதை இங்கே இழுக்க வேண்டாம். கணக்குத் தெரிந்தவர்கள் மட்டும்.

கருங்கல்

மணல் பிறக்கிற இடம் மலைச்சரிவு. ஆறு அதை ஏற்றி இறக்கும் லாரி, அவ்வளவுதான். அதனால் மலையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நம் பக்கத்துப் பாறை பெரும்பாலும் நைஸும் (gneiss) சார்னோகைட்டும், இரண்டும் கெட்டியான பழைய படிகப் பாறைகள். வயது ஏறக்குறைய 250 கோடி வருஷம். உடைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஃபெல்ட்ஸ்பார் என்ற தாது, கால் பங்கு அளவுக்குக் குவார்ட்ஸ் (நம் ஊரில் வெங்கச்சங்கல் என்போமே, அதே பொருள்), மீதி காக்காப்பொன்னும் கருந்தாதுக்களும். மழைத்தண்ணீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகப் பாறை விரிசலில் இறங்குகிறது. ஃபெல்ட்ஸ்பாரில் உள்ள பொட்டாசியம், சோடியம், சுண்ணாம்புச் சத்துகள் கரைந்து வெளியேற, மிச்சம் களிமண் ஆகிறது. கருங்காக்காப்பொன் தண்ணீர் குடித்து உப்பி, பக்கத்துத் தாதுக்களை நெம்பி விலக்குகிறது. குவார்ட்ஸ் மட்டும் அசையாது. சுற்றியிருந்ததெல்லாம் களிமண்ணாகிப் போனதும் அது தனித்தனி மணியாக உதிரும். அதுதான் மணல். கிணறு வெட்டும்போது கையால் பிசைந்தாலே பொலபொலவென்று உதிர்கிற மொரம்பு வருமே, அது இந்த வேலை பாதியில் நிற்கிற நிலை.

ஏலகிரி இதில் விதிவிலக்கு. அந்த மலை சையனைட் (syenite) என்ற பாறை வகை, சுமார் 75 கோடி வருஷப் பாறை, குவார்ட்ஸ் மிகக் குறைவு. அது எவ்வளவு தேய்ந்தாலும் களிமண்தான் கூடுதலாகக் கிடைக்கும், மணல் பேருக்குத்தான். பாலாற்றுக்கு மணல் கொடுப்பது ஜவ்வாது மலை, ஆந்திர எல்லையோரக் குன்றுகள், கோலார் பக்கத்து நைஸ் மேடு.

மலையடிவாரம்

எங்க பக்கம் வெயில்தான் பாறையை வெடிக்க வைக்குதுன்னு சொல்வாங்க. மே மாசம் 40 டிகிரிக்கு மேல காய்ஞ்ச பாறை மேல திடீர்னு கோடைமழை விழுந்தா படார்னு சத்தம் கேக்கும். நீங்க தண்ணியையும் அமிலத்தையும் மட்டும் சொல்றீங்களே?

கருங்கல்

வெயிலுக்குப் பங்கு உண்டு, ஆனால் தோல் அளவில். பகல் சூடு பாறைக்குள் 17 செ.மீ. இறங்குவதற்குள் மூன்றில் ஒரு பங்காகிவிடும், அரை மீட்டரில் ஒன்றும் இருக்காது. மேல்தோல் 20 டிகிரி ஏறி இறங்கினால் அதில் உண்டாகும் இழுவிசை ஏறக்குறைய 10 மெகாபாஸ்கல். கிரானைட் தாங்கும் இழுவிசையும் அந்த அளவுதான். ஏற்கெனவே கீறல் விட்ட இடம் அதனால் நாளுக்கு நாள் களைத்துப்போய்ப் பெயரும்.

1936இல் டேவிட் கிரிக்ஸ் என்பவர் கிரானைட் துண்டு ஒன்றை 89,400 தடவை சூடாக்கிக் குளிரவைத்தார். 244 வருஷப் பகல் இரவுக்குச் சமம். உலர்ந்த காற்றில் செய்தபோது பாறையில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. குளிரவைக்கத் தண்ணீர் தெளித்தபோது, அதில் மிகச் சிறிய பங்குச் சுற்றுகளிலேயே பாறை மங்கி உதிரத் தொடங்கியது. நீங்கள் சொன்ன "கோடைமழை விழுந்தா" என்ற பாதிதான் முக்கியம்.

மொட்டைப் பாறை வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகக் கழல்வது வேறு சங்கதி. ஒரு காலத்தில் அதன் மேல் ஒரு கிலோமீட்டர் பாறை இருந்திருந்தால் ஒவ்வொரு சதுர மீட்டர் மேலும் 2,700 டன் பாரம். மேலே இருந்தது தேய்ந்து போனதும் அழுத்தம் விட்டு, பாறை தரைக்கு இணையாகப் பிளக்கிறது. குவாரியில் ஆப்பு வைக்கிறவர்கள் கல்லின் ஓட்டம் பார்ப்பதும் இந்தப் பிளவை வைத்துத்தான்.

படுகை_அளவு

சரி, கணக்குக்கு வருவோம். வெளியே தெரிகிற மொட்டைப் பாறை உலகச் சராசரியில் 10 லட்சம் வருஷத்துக்குச் சுமார் 12 மீட்டர் தேய்கிறது. அதாவது வருஷத்துக்கு 0.012 மி.மீ. பாலாற்று வடிநிலம் மூன்று மாநிலமும் சேர்த்து ஏறக்குறைய 18,000 சதுர கி.மீ. பெருக்கினால் வருஷத்துக்கு 2.16 லட்சம் கன மீட்டர் பாறை. அதில் மூன்றில் ஒரு பங்கு மணலாகத் தேறும் என்று தாராளமாக வைத்தாலும் 72,000 கன மீட்டர். மூன்று யூனிட் லாரி 8.5 கன மீட்டர். ஆக மொத்த வடிநிலத்துக்கும் வருஷத்துக்கு 8,500 லாரி, நாளுக்கு 23.

மொரம்பு

ஒரு இடத்தில் நழுவிவிட்டீர்கள் சார். பாறையின் கன அளவை அப்படியே மணலின் கன அளவாக எடுத்துவிட்டீர்கள். பாறை கன மீட்டருக்கு 2.7 டன், கொட்டிய மணல் 1.6 டன். 1.7ஆல் பெருக்கணும். 1.2 லட்சம் கன மீட்டர், நாளுக்கு 39 லாரி.

இன்னொன்று, மொட்டைப் பாறையைவிட மண் போர்த்திய சரிவு வேகமாகச் சிதையும். மண் ஈரத்தைப் பிடித்து வைக்கும், வேர் சுவாசிப்பதால் மண்ணுக்குள் கரியமில வாயு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு இருக்கும். மழை பெய்ததும் வழிந்து காய்ந்துவிடுகிற பாறைக்கு அந்த வசதி இல்லை. ஆகவே மூன்று மடங்கு போடலாம்.

படுகை_அளவு

திருத்தத்துக்கு நன்றி, உங்கள் கணக்கே சரி. அதை வைத்தே மறுபக்கத்தைப் பார்க்கிறேன். பாலாறு தமிழ்நாட்டுக்குள் 222 கி.மீ. ஓடுகிறது. சராசரி அகலம் 500 மீட்டர் என்றும், போன மணலின் கனம் 3 மீட்டர் என்றும் ஒரு பேச்சுக்கு வைத்தால் 33 கோடி கன மீட்டர். வருஷத்துக்கு 1.2 லட்சம் வீதம் நிரப்ப 2,750 வருஷம். மூன்று மடங்கு வேகம் என்றாலும் 900. அதுவும் மலையில் உதிர்ந்த ஒவ்வொரு மணியும் ஆற்றுக்கு வந்து சேர்ந்தால்.

வந்து சேராது. வழியில் ஏரிகள் நிற்கின்றன. ஓடும் தண்ணீர் ஏரி முகப்பில் வேகம் இழந்ததும் பருமணலை அங்கேயே போட்டுவிடும், நடுவில் வண்டல், கரையோர மதகுப் பக்கம் களி. மேலே கர்நாடகத்தில் பேத்தமங்கலா ஏரியில் ஆரம்பித்து, வழியெல்லாம் உள்ள தடுப்பணைகள் வரை ஒவ்வொன்றும் ஒரு மணல் பொறி. தண்ணீர் நிரம்பி வழிந்து கோடி போகும், மணல் தாண்டாது. வயலுக்கு வண்டல் அடிப்பவர்கள் ஏரியின் கரைப் பக்கம் எடுப்பதும், வீட்டு மனைக்கு நிரப்ப எடுப்பவர்கள் முகப்புப் பக்கம் போவதும் இதனால்தான். மாற்றி எடுத்தால் நிலத்துக்கு உப்புச்சப்பில்லாத மணல்தான் வந்து சேரும்.

குடியாத்தம்காரன்

தலை சுற்றுகிறது. அப்படியென்றால் 2021இல் வந்த மணல்?

மொரம்பு

பெரும்பாலும் இடம் மாறிய பழைய மணல். மேலே இருந்த திட்டும் அறுந்த கரையும் கீழே வந்து படிந்தது. புது வரவு அதில் சொற்பம். தண்ணீரின் வேகம் இரட்டிப்பானால் அது நகர்த்தக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும். அதனால் பத்து வருஷம் சும்மா கிடந்த கானாறு ஒரே ராத்திரியில் பாறாங்கல்லை உருட்டும். 1903 நவம்பரில் வாணியம்பாடியை அடித்துப்போன வெள்ளமும் அந்த வகைதான். ஆறு தன் வேலையில் பெரும்பங்கை இப்படிச் சில நாட்களில் செய்து முடித்துவிட்டு மற்ற நாளெல்லாம் படுத்துக்கிடக்கும்.

நேரில் பார்க்க வழி இருக்கிறது. தண்ணீர் வற்றிய பிறகு, திட்டின் மேல் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. ஒரு பக்கச் சுவரைக் கொத்தனார் கரண்டி வைத்து வழுவழுப்பாகச் சீவுங்கள். அடியில் புளியங்கொட்டை அளவுக் கூழாங்கல், அதன் மேல் ரவை மாதிரி பருமணல், பிறகு மாவு மாதிரி பொடி மணல், உச்சியில் விரல் கனம்கூட இல்லாத களிப்படலம். இது ஒரு வெள்ளம். அந்தக் களிப்படலத்துக்கு மேல் மறுபடி கூழாங்கல் ஆரம்பித்தால் அடுத்த வெள்ளம். மேலாக இருக்கும் களி காய்ந்து ஓட்டுச் சில்லு போல ஓரம் மடங்கி நிற்கும். அடுத்த வெள்ளம் அந்தச் சில்லுகளைப் பெயர்த்து மணலுக்குள் புதைத்திருந்தால் அவையும் சுவரில் தெரியும். ஆழமாகக் குழி வெட்டாதீர்கள். ஈர மணல் சுவர் இடுப்புயரம் தாண்டினால் சொல்லாமல் சரியும்.

மணலா களியா என்று சந்தேகம் இருந்தால் ஒரு லிட்டர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், கழுத்து வரை தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள், ஐந்து நிமிடக் குலுக்கல், அப்புறம் ஆடாமல் வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் நின்றது மணல். இரண்டு மணி நேரத்துக்குள் அதன் மேல் படிந்தது வண்டல். மறுநாளும் கலங்கலாக இருப்பது களி. ஒவ்வொரு அடுக்கையும் ஸ்கேல் வைத்து அளந்தால் பங்கு கிடைத்துவிடும். சோப்பு போட மறந்தால் களி திரண்டு வண்டலோடு சேர்ந்து இறங்கிவிடும், கணக்குத் தப்பும்.

பொன்னைக்கரை

மணல் போனதுல பாலத்துக்கு இன்னா ஆச்சுன்னும் யாராவது எழுதுங்க. 2021 டிசம்பர்ல திருவலத்துக்கும் முகுந்தராயபுரத்துக்கும் நடுவுல பொன்னையாத்து ரயில் பாலம் பழுதாகி ரயிலெல்லாம் நின்னுது இல்ல?

படுகை_அளவு

அந்தப் பாலம் 19ஆம் நூற்றாண்டுக் கட்டுமானம், பெரிய வெள்ளத்துக்கு அடுத்த மாதம் பழுது கண்டது. அதன் காரணங்களை அளந்தவர்கள் சொல்லட்டும். பொதுவாக நடப்பதைச் சொல்கிறேன்.

படுகையில் ஓரிடத்தில் குழி விழுந்தால் அதன் மேல்பக்க விளிம்பு செங்குத்தாக நிற்கும். தண்ணீர் அந்தப் படியில் குதித்து விழுந்து அதை அறுக்கும். படி மேல்நோக்கி நகர்ந்துகொண்டே போகும், கிளைக் கானாறுகளுக்குள்ளும் ஏறும். குழி விழுந்தது இரண்டு கி.மீ. கீழே, அஸ்திவாரம் வெளியே தெரிவது மேலே இருக்கும் பாலத்தில். தடுப்பணைக்குக் கீழேயும் இதே கதி. மணலை மேலே விட்டுவிட்டு வெறுங்கையோடு வருகிற தண்ணீருக்குப் பசி அதிகம், கீழ்ப்படுகையைத் தின்னும்.

தூணை ஒட்டி இன்னும் மோசம். தண்ணீர் தூண் முகத்தில் மோதிக் கீழே திரும்பிச் சுழன்று மணலைத் தோண்டும். பாலம் கட்டுபவர்கள் சாதாரண அரிப்பு ஆழத்தைப்போல் இரண்டு மடங்கைத் தூணுக்கு எடுத்துக்கொள்வது இதற்காக.

பொன்னைக்கரை

நெலம் கானாத்து வளைவுல இருக்கிறவங்களுக்கு இன்னா வழி? ஒவ்வொரு மழைக்கும் ரெண்டடி மூணடி போவுது. கம்பிவலைப் பெட்டியில கல் கட்டினாலும் மூணாம் வருஷம் குப்புற விழுந்துடுது.

மொரம்பு

விழுவதற்குக் காரணம் நூற்றுக்குத் தொண்ணூறு இரண்டுதான். அடி போதாது, அல்லது முதுகில் வடிகட்டி இல்லை.

அடி எவ்வளவு என்பதற்கு லேசி சூத்திரம் போதும், வெள்ளம் எவ்வளவு ஆழம் அரிக்கும் என்று சொல்கிற கணக்கு அது. ஒரு மீட்டர் அகலத்துக்கு விநாடிக்கு எத்தனை கன மீட்டர் போகிறது என்று பாருங்கள். வெள்ள நேரத்தில் கரையில் 20 மீட்டர் அளந்து இரண்டு குச்சி நட்டு, மட்டை உரிக்காத தேங்காயை எறிந்து எத்தனை விநாடியில் கடக்கிறது என்று எண்ணுங்கள். 20ஐ அந்த விநாடியால் வகுத்து, வந்த வேகத்தை 0.85ஆல் பெருக்கினால் சராசரி வேகம். தண்ணீர் ஆழம் 1.2 மீட்டர், வேகம் விநாடிக்கு 1.7 மீட்டர் என்றால் ஒரு மீட்டர் அகலத்துக்கு 2 கன மீட்டர். அரை மி.மீ. மணலுக்கு வண்டல் எண் (மணியின் பருமனைப் பொறுத்த எண்) 1.24. அந்த 2இன் வர்க்கம் 4, அதை 1.24ஆல் வகுத்து, கனமூலம் எடுத்து, 1.35ஆல் பெருக்கினால் 2 மீட்டர். இது வெள்ள மட்டத்திலிருந்து கீழே. வளைவில் ஒன்றரை மடங்கு, 3 மீட்டர். தண்ணீர் ஆழம் 1.2 போக, படுகைக்குக் கீழே 1.8 மீட்டர் அரிக்கும். உங்கள் பெட்டி படுகை மேலேயே உட்கார்ந்திருந்தால் விழாமல் என்ன செய்யும்?

1.8 மீட்டர் தோண்ட முடியாது, ஊற்று வந்துவிடும் என்றால் ஆற்றுப் பக்கம் அரை மீட்டர் கனப் பெட்டியைப் பாய் மாதிரி 3 மீட்டர் நீளத்துக்கு விரியுங்கள். அடியில் மண் போகப் போக அந்தப் பாய் தானே மடங்கிப் பள்ளத்தில் இறங்கி அடியைக் காக்கும்.

கல் 15 முதல் 25 செ.மீ. வலைக்கண்ணைவிடச் சிறியது ஒன்றுகூட வேண்டாம். நடுவில் ஜல்லி கொட்டி நிரப்புகிற வேலையைப் பக்கத்தில் நின்று தடுங்கள். பெட்டிக்கும் கரைக்கும் நடுவில் வடிகட்டித் துணி, இல்லையென்றால் ஒரு சாண் பருமணல், ஒரு சாண் கூழாங்கல். வெள்ளம் ஏறும்போது கரை தண்ணீர் குடிக்கிறது. வெள்ளம் சட்டென்று வடியும்போது அந்தத் தண்ணீர் வெளியே வரும், வடிகட்டி இல்லையென்றால் மண்ணையும் கூட்டிக்கொண்டு கல் இடுக்கு வழியாக வரும். கரை இடிவது பெரும்பாலும் வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது இல்லை, வடிகிற ராத்திரியில். பெட்டிக்குப் பின்னால் பொந்து விழுந்து, மேலே வரப்பில் அரைவட்டமாக வெடிப்பு தெரிந்தால் அந்த இடத்தில் டிராக்டர் ஏற்றாதீர்கள்.

வேலைக்கு முன் நீர்வளத் துறையில் அனுமதி வாங்குங்கள். எதிர்க்கரைக்காரர் நிலம் போனால் வழக்கு உங்கள் மேல்தான் வரும். நடுப்படுகையில் சீமைக்கருவேலம் மண்டியிருந்தால் அதை முதலில் கவனியுங்கள். அந்தப் புதர் மணலைப் பிடித்துத் திட்டாக்கி, தண்ணீரை இரண்டு பக்கமும் கரைமேல் தள்ளும்.

மலையடிவாரம்

நம்ம பக்கம் குன்றுல அடுக்கி வெச்ச மாதிரி உருண்டைப் பாறை நிக்குதே, அதெல்லாம் ஒரு காலத்துல கடல் உருட்டினதுன்னு சொல்றாங்க. 2021 நவம்பர்ல வேலூர் காகிதப்பட்டறையில வீட்டு மேல பாறை விழுந்து ரெண்டு பேர் போனாங்க. மேல இருக்கிற பாறை வருமா வராதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கருங்கல்

கடலும் உருட்டவில்லை, ஆறும் உருட்டவில்லை. அவை மண்ணுக்குள்ளேயே உருண்டையானவை. பாறையில் மூன்று திசையில் வெடிப்பு ஓடி, அது கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கும். தண்ணீர் வெடிப்பில் இறங்கும்போது கட்டத்தின் முகத்தை ஒரு பக்கமிருந்தும், விளிம்பை இரண்டு பக்கமிருந்தும், மூலையை மூன்று பக்கமிருந்தும் தின்னும். மூலை முதலில் மழுங்கி, நடுவில் உருண்டை மிஞ்சும். பிறகு சுற்றியிருந்த மொரம்பை மழை கழுவிக்கொண்டு போக, உருண்டைகள் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கின்றன. அதாவது அடியில் இன்னும் மொரம்பு இருக்கிற பாறைதான் ஆபத்து. கெட்டிப்பாறை மேல் நேராக உட்கார்ந்திருப்பது பல தலைமுறை பார்த்திருக்கும்.

பார்க்க வேண்டியவை: அடியில் புது மண் வழிந்த தடம். பாறைக்கும் மண்ணுக்கும் நடுவில் கை நுழைகிற இடைவெளி. வெயில் மழை பட்டுக் கறுத்த பாறையில் வெளிறிய புதுமுகம். மேல்பக்கம் மண்ணில் அரைவட்ட வெடிப்பு. சாய்ந்த மரம், அதுவும் அடி வளையாமல் மொத்தமாகச் சாய்ந்தது. வெடிப்பு ஒன்றின் குறுக்கே சிமெண்டில் ஒரு சின்னக் கண்ணாடிச் சில்லை ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். சில்லு உடைந்தால் நகர்கிறது என்று அர்த்தம். சாந்து மட்டும் வைத்தால் அது தானே காய்ந்து வெடித்து ஏமாற்றும்.

இரண்டு மீட்டர் குறுக்களவு உருண்டை 11 டன். செங்கல் சுவர் அதற்குக் காகிதம். அதனால் தடுப்பதைவிடத் தண்ணீரைத் திருப்புவது மலிவு. பாறைக்கு மேல்பக்கம் குறுக்காக ஒரு வடிகால் வெட்டி, பக்கத்துப் பள்ளத்தில் விடுங்கள். பாறைக்கு அடியில் மண் எடுத்து மனை விரிக்காதீர்கள், அடிவாரத்தைச் செங்குத்தாக வெட்டாதீர்கள். வெடி வேண்டவே வேண்டாம். உடைக்கத்தான் வேண்டும் என்றால் மாவட்ட நிர்வாகம் மூலம், துளையில் விரிந்து பிளக்கும் சத்தமில்லாத ரசாயனப் பொடி போட்டு, மேலிருந்து கீழாக.

பழைய வட ஆற்காட்டிலேயே இன்னொன்று, 2024 டிசம்பர் 1இல் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் 7 பேர் இறந்த மண்சரிவு. ஃபெஞ்சல் புயல் மழையில் மண் ஊறி, பாறையும் சேறுமாக இறங்கியது. ஊறிய மண்ணுக்குள் தண்ணீரின் அழுத்தம் மண் துகள்களை ஒன்றையொன்று பிடிக்க விடாது. நாலைந்து நாள் விடாத மழைக்குப் பின் ஒரு பெருமழை என்றால் அன்றிரவு கீழ்வீட்டில் படுக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

பொன்னைக்கரை

2021 நவம்பர் 29ல வேலூர் பக்கம் வந்த நிலநடுக்கத்துல பாறை லூசாயிருக்குமா?

கருங்கல்

3.6 அளவு. பாத்திரம் ஆடும். ஏற்கெனவே விளிம்பில் நின்ற கல் ஒன்றிரண்டு உருளலாம். மலையின் வடிவத்துக்கு அது பொருட்டே இல்லை, அந்த மாத மழை செய்த வேலை அதைவிடப் பல மடங்கு.

குடியாத்தம்காரன்

மணல் விஷயத்துக்குத் திரும்புகிறேன். 900 வருஷமோ 2,750 வருஷமோ, அடுத்த பத்து வருஷத்தில் படுகை ஏறுகிறதா இறங்குகிறதா என்று நாங்களே அளக்க முடியுமா? பள்ளி மாணவர்களை வைத்துச் செய்கிற மாதிரி.

படுகை_அளவு

முடியும். ஒரு பாலம், ஒரு டேப், ஒரு கனக்குண்டு போதும். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் பத்து இடத்தில் பெயிண்ட் குறி. குறியிலிருந்து குண்டைத் தொங்கவிட்டுப் படுகை வரை அளவு. வருஷத்தில் இரண்டு தடவை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியிலும், மே கடைசியிலும். எப்போதும் அதே குறி. காற்று அடிக்கும்போது டேப் வளைந்து கூடுதலாகக் காட்டும், அதனால் காலையில் செய்யுங்கள். போக்குவரத்து குறைவான நேரமும் அதுதான். சிறுவர்கள் கைப்பிடிமேல் சாயாமல் பெரியவர் ஒருவர் பிடித்து நிற்க வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் படுகையில் இறங்கி, ஒவ்வொரு குறிக்கும் நேர் கீழே ஒரு கைப்பிடி மண் எடுத்து மொரம்பு சொன்ன பாட்டில் சோதனை. மட்டம் அரையடி ஏறியிருந்தாலும் பாட்டிலில் பாதி களி என்றால் அதை மணல் கணக்கில் சேர்க்காதீர்கள்.

குறிகளைத் தூண்களுக்கு நடுவில் போடுங்கள், தூணை ஒட்டி வேண்டாம். வெள்ளம் தூணடியில் தோண்டிய குழியை வடியும்போது அதுவே தளர்ந்த மணலால் மூடிவிட்டுப் போகும். மேலே பார்த்தால் மட்டம் சரியாக இருக்கும், 12 மி.மீ. கம்பியை அழுத்தினால் ஆள் உயரத்துக்கு இறங்கும்.

பொன்னைக்கரை

அப்படி எறங்குச்சுன்னா?

படுகை_அளவு

தேதி, தூண் எண், ஆழம், போட்டோ, நாலையும் எழுதி அந்தப் பாலத்தைப் பராமரிக்கும் துறைக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் கொடுத்து, ரசீது வாங்கிவிடுங்கள்.